காசிராஜன், வெளியே வந்துட்டியா?

சுகப்பிரியாவுக்குப் புருஷன் பெயரைச் சொல்ல வாய் வராது. படிக்காதவள் இல்லை. இன்ஜினியரிங் முடித்து, ஒரகடத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் தலைவாரிவிட்டுக்கொண்டே, "அவுக பேர வாயால சொல்லிராத பிள்ள, ஆயுசு குறைஞ்சிரும்" என்று அம்மா ஒரு போடு போட்டிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்து அம்மா சொன்னால் சொன்னதுதான். மனசு சிரித்தது, நாக்கு மட்டும் பயந்துகொண்டது. அன்றிலிருந்து பேங்கில் கேட்டால் ஆதார் அட்டையை நீட்டுவாள், ஆஸ்பத்திரியில் கேட்டால் எழுதிக் காட்டுவாள்.

வீட்டில் "ஏங்க"தான். அந்த ஒரு சொல்லைக் கோபத்துக்கு ஒரு மாதிரி, பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்ல ஒரு மாதிரி, சும்மா பக்கத்தில் வந்து உட்காரச் சொல்ல ஒரு மாதிரி இழுப்பாள். எந்த 'ஏங்க' எதற்கு என்று காசிராஜன் பிசகாமல் கண்டுபிடித்துவிடுவான். பேசும் முன் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொள்வது அவன் பழக்கம். அந்தச் செருமல் கேட்டதுமே அவளுக்குப் பாதிக் கோபம் ஆறிவிடும்.

இரண்டு பேரும் மண்ணூரில், செல்லம்மாள் என்கிற அம்மாளின் லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அவனுக்கு ஒரகடத்தில் கார் கதவு அடிக்கிற பிரஸ் கம்பெனியில் வேலை. பிரஸ் என்றால் இரண்டு மாடி உயரம். மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. நடுவில் தகட்டை வைத்து அழுத்தினால் கதவாக வந்து விழும். அந்த அச்சுக்கு டை என்று பெயர். கதவு மாறினால் டையை மாற்ற வேண்டும். மாற்றும்போது ஓர் ஆள் பின்பக்கமாக இரண்டு டைக்கும் நடுவே புகுந்து, துடைத்து, போல்ட் முடுக்கிவிட்டு வெளியே வர வேண்டும். காசிராஜன்தான் அந்த ஆள். முன்னால் பட்டனுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆபரேட்டருக்கு உள்ளே இருக்கிறவன் தெரியமாட்டான்.

சுகப்பிரியா அந்த மாதிரி மெஷின்களுக்குத் தமிழில் கையேடு எழுதினாள். ஓட்டுவது எப்படி, துடைப்பது எப்படி, கையை எங்கே வைக்கக் கூடாது, எல்லாம். அவளுடைய ஆபீஸ் அந்த வட்டாரத்தில் ஏகப்பட்ட தொழிற்சாலைகளுக்கு இதை எழுதிக் கொடுத்தது. மேனேஜர் மணிகண்டபிரபு வந்த புதிதில் எல்லாக் கையேட்டையும் மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரே எச்சரிக்கைய எத்தன எடத்துல எழுதுவீங்க? ஒருத்தர் 'கையை விடாதே'ங்கறீங்க, ஒருத்தர் 'கை நுழைக்கலாகாது'ங்கறீங்க. ஒரு தடவ எழுதுங்க, ஒரே எடத்துல வைங்க. எல்லாக் கையேடும் அங்கேருந்து இழுத்துக்கட்டும்."

அப்படித்தான் பொதுப் பத்தி வந்தது. கையேடுகளில் அந்தப் பத்தி இருக்காது. அதை இழுத்துவரும் குறிப்பு மட்டும் இருக்கும். மூலத்தில் ஒரு வார்த்தையை மாற்றினால் அத்தனை கையேட்டிலும் மாறிவிடும். காசிராஜனுக்கு அவள் இப்படி விளக்கினாள்: "நம்ம மொட்டமாடித் தொட்டி இருக்குல்லா? தொட்டி ஒண்ணு, குழாய் எல்லா வீட்டுக்கும். அந்த மாதிரி."

"அப்ப தொட்டியில எலி விழுந்தா?" என்று அவன் கேட்டான். அவள் முறைத்தாள்.

டை மாற்றும்போது செய்ய வேண்டியதைப் பொதுப் பத்தியாக எழுதும் வேலை அவளுக்கு வந்தது. ஆபரேட்டர் உள்ளே போனவரைப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட வேண்டும், பதில் வந்த பிறகே பட்டனை அமுக்க வேண்டும். எழுதிவிட்டாள். ஓர் எடுத்துக்காட்டு போட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. ஏதாவது ஒரு பெயர் வேண்டும். முருகன் என்று போடலாம், குமார் என்று போடலாம். பக்கத்து நாற்காலி பிரவீனா டீ குடிக்கப் போயிருந்தாள். சுகப்பிரியாவின் விரல்கள் தாமாகவே அடித்தன.

எடுத்துக்காட்டு: "காசிராஜன், வெளியே வந்துட்டியா?" "வந்துட்டேன், போடலாம்."

அடித்துவிட்டு அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயால் சொன்னால்தானே ஆயுசு குறையும். எழுதினால் குறையும் என்று அம்மா சொல்லவில்லையே. வாயில் இத்தனை நாள் அடக்கிவைத்த பெயர் கண் முன்னால் கறுப்பு எழுத்தில் நின்றதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

தொட்டியிலிருந்து அது எல்லாக் குழாய்க்கும் போனது. பிளாஸ்டிக் உறை போட்ட கார்டாக அச்சாகி ஒவ்வொரு பிரஸ்ஸிலும் தொங்கியது. அவரவர் ஆளின் பெயரைப் போட்டுக்கொள்வார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் பாதுகாப்பு விதிகளைச் சோதிக்க வந்த ஆடிட்டர் ஒருவர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆபரேட்டர் வாயைப் பார்த்தார். கார்டில் காசிராஜன் என்று இருக்க, ஆபரேட்டர் திலீப் என்று கூப்பிட்டால் தப்பு என்று குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். வம்பு எதற்கு என்று எல்லாரும் கார்டில் உள்ளதையே மனப்பாடம் பண்ணினார்கள். தமிழே தெரியாத ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும் மந்திரம் மாதிரி அதைச் சொல்லிப் பழகினார்கள். மண்ணூரிலிருந்து வல்லம் வடகால் வரைக்கும், உள்ளே போனவன் எவனாக இருந்தாலும், கூப்பிட்ட பெயர் காசிராஜன்தான்.

"அக்கா, உன் வூட்டுக்காரு பேரு இன்னா ஃபேமஸாகிப் போச்சு தெரியுமா? மூணு கம்பெனில கேட்டுட்டேன்" என்று பிரவீனா கிண்டல் பண்ணினாள். சுகப்பிரியாவுக்கு உள்ளூரப் பெருமைதான். தான் சொல்ல முடியாததை ஊரே சொல்கிறதே என்று இருந்தது.

மழைக்காலம் தொடங்கும்போது செல்லம்மாள் ஒரு நாள் காலையில் சண்டைக்கு வந்தாள். "இன்னாம்மா உன் புருசன்? வண்டிய வழில நிறுத்திக்கினு, காசிராஜா காசிராஜான்னு தொண்டகிழியக் கத்துறேன், சொவுரு மாதிரி நின்னுக்கினு கீறான். வூட்டு ஓனரம்மான்னா அவ்ளோ எளப்பமா?"

"யாரும் கூப்பிடலியே" என்றான் காசிராஜன். பொய் சொல்லும் முகம் இல்லை அது.

பிரஸ் சத்தத்தில் காது போய்விட்டதோ என்று சுகப்பிரியாவுக்குத் திக்கென்றது. கம்பெனி டாக்டர் பார்த்தார். காது சுத்தமாக இருக்கிறது என்றார். உண்மையும் அதுதான். அடுத்த வீட்டுக் குக்கர் விசில் அவனுக்குக் கேட்டது. அவள் சமையல்கட்டில் முணுமுணுக்கிற 'ஏங்க' கேட்டது. டீக்கடையில் கூட்டாளி கூப்பிட்டது கேட்கவில்லை, பஸ் ஏறும்போது சூப்பர்வைசர் கூப்பிட்டது கேட்கவில்லை. கவனித்துப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. அவனுக்கு எல்லாம் கேட்டது. அவன் பெயர் மட்டும் கேட்கவில்லை.

சோதித்துப் பார்க்கலாம் என்றால் அவளுக்கு வாய்தான் வராதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது, பிரவீனாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஏற்கனவே பேசிவைத்தபடி பிரவீனா, "காசிராஜண்ணே! காசிராஜண்ணே!" என்று பலமாகக் கூப்பிட்டாள். அவன் கடலைத் தோலை ஊதினான். தலை நிமிரவில்லை.

சுகப்பிரியா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "பாத்தியா? கேக்கவே மாட்டேங்குது."

"இன்னாக்கா சொல்ற?" என்றாள் பிரவீனா. "அதான் பதில் சொன்னாரே. ஒரு செருமு செருமிக்கினு, 'வந்துட்டேன்'னாரு. கிளியராக் கேட்டுச்சே."

சுகப்பிரியா திரும்பி உள்ளே பார்த்தாள். அவன் வாய் நிறையக் கடலை இருந்தது. பிரவீனா எப்போதும் விளையாடுகிறவள், இதுவும் அவள் விளையாட்டுத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று ராத்திரி முழுக்க அவன் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

பிறகு ஒரு வேலைநாளில் அவளும் பிரவீனாவும் வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலைக்குக் கார்டு சரிபார்க்கப் போனார்கள். காலையில் கிளம்பும்போது காசிராஜன், "இன்னைக்கு எங்களுக்குப் பெரிய பிரஸ்ல டை மாத்து. மத்தியானச் சாப்பாடு லேட்டாகும்" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடியிருந்தான். அது அவள் மனசில் பெரிதாகப் பதியவில்லை.

வல்லத்தில் மாரி என்கிற ஆபரேட்டர், உள்ளூர்க்காரர், பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றார். ஒடிசாக்காரர் ஒருவர் பின்பக்கமாக உள்ளே போய் டையைத் துடைத்துவிட்டு வெளியே வந்தார். வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தார். சுகப்பிரியா பக்கவாட்டில் நின்றதால் இரண்டு பேரையும் பார்க்க முடிந்தது. மாரி குரல் எடுத்தார்.

"காசிராஜன், வெளியே வந்துட்டியா?"

ஒடிசாக்காரர் குடித்துக்கொண்டே இருந்தார். பிரஸ்ஸின் மேல் பகுதியில், எண்ணெய்க் குழாய்கள் ஓடுகிற இருட்டில், யாரோ லேசாகத் தொண்டையைச் செருமினார்கள்.

"வந்துட்டேன், போடலாம்."

மாரி இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினார். பிரஸ் இறங்கியது. தரை அதிர்ந்தது.

அது காசிராஜனின் குரல். அந்தச் செருமலுக்கு அவள் எத்தனை கோபத்தை விட்டுக்கொடுத்திருக்கிறாள். 'வந்துட்டே...ன்' என்று கடைசியில் இழுக்கிற தெக்கத்தி இழுப்பு வேறு.

"யாருங்க பதில் சொன்னது?"

மாரி அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்கதானேம்மா வெச்சீங்க? ஸ்பீக்கர் இல்லியா அது? கொஞ்ச மாசமாவே சொல்லிக்கினு கீது. மொதல்ல லேசாத்தான் கேட்டுச்சு, இப்ப பக்கத்துல நின்னு பேசற மாதிரி கீது. பசங்களும் அதான் சொல்லுதே, நாம எதுக்குக் கத்தணும்னு வுட்டுட்டானுங்க."

"உள்ள ஆள் இருக்கும்போது கூப்பிட்டா?"

"அப்பவும் வந்துட்டேன்னுதான் சொல்லும். அதுக்கு வேற இன்னா தெரியும்?" மாரி சிரித்தார். "நான் எட்டிப் பாத்துட்டுதான் போடுவேன். எல்லாரும் பாப்பாங்களான்னு தெரியல."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஒரே ஒரு பதிலைத்தான் எழுதியிருந்தாள். இன்னும் உள்ளேதான் இருக்கிறேன் என்பதற்கு அந்தப் பத்தியில் வரியே கிடையாது. எங்கே, யார், எப்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் அந்தக் குரல் வந்துட்டேன் என்றுதான் சொல்லும். ஒரகடத்தில் கூப்பிட்டாலும் சொல்லும். அங்கே உள்ளே இருப்பவன் நிஜமாகவே காசிராஜன். அவனுக்குத் தன்னைக் கூப்பிடுவது கேட்காது; ஊரெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயர் இந்தக் குரலிடம் போய்விட்டது.

காலையில் அவன் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது. இன்றைக்கு டை மாற்று.

போன் போட்டாள். செல்போன் லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தே போட்டாள். சூப்பர்வைசருக்குப் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. பிரவீனா ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். எதிரே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக வந்தன. கம்பெனி பஸ்கள் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பின.

"அக்கா, நான் வேணா சிஸ்டத்துல பேர எடுத்துடவா? ஒரு நிமிஷம்தான்" என்று பிரவீனா தலையைத் திருப்பாமல் கத்தினாள்.

"தொட்டியக் கழுவி என்ன செய்ய? எல்லாரும் குடத்துல பிடிச்சு வச்சிருக்காங்களே!" சுகப்பிரியாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கார்டு அச்சாகித் தொங்கியது. அதைவிட, எல்லார் நாக்கிலும் ஏறியிருந்தது.

ஒரகடத்துக் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஹெல்மெட் போடச் சொல்லி மறித்தார். கையேடு வேலைக்கு வந்துபோகும் பாஸ் இருந்தது. அதை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள். பிரஸ் ஷாப்பில் மற்ற லைன்கள் இடிக்கிற சத்தத்தில் காது அடைத்தது. பெரிய பிரஸ் மட்டும் வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றது. பட்டன் பெட்டிக்கு முன்னால் வேல்ராஜ் நின்றார். அவரும் சங்கரன்கோவில் பக்கம்தான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து அவள் கையால் சாப்பிட்டுவிட்டுப் போனவர். நிதானமான மனுஷன்.

அவள் அவரை எட்டுவதற்குள் அவர் கூப்பிட்டுவிட்டார்.

"காசிராஜன், வெளியே வந்துட்டியா?"

மேலே செருமல் கேட்டது. பிறகு அந்தக் குரல் அவளுக்கு நேராகவே சொல்வது போல, தெளிவாக, அன்பாகக்கூட, "வந்துட்டேன், போடலாம்" என்றது.

வேல்ராஜ் கைகளை உயர்த்தினார். தன் ஆளின் குரலை அவர் தினமும் கேட்கிறவர். அதில் சந்தேகப்பட அவருக்கு என்ன இருக்கிறது?

சுகப்பிரியா வாயைத் திறந்தாள். பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆயுசு குறைந்தால் குறையட்டும், இந்த நிமிஷம் தப்பினால் போதும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் மேலே இருப்பதுதான் பதில் சொல்லும். உள்ளே இருப்பவனுக்குக் கேட்காது. எந்தக் கார்டிலும் இல்லாத, எந்தத் தொட்டியிலும் அவள் போடாத ஒன்று அவளிடம் மிச்சம் இருந்தது.

"ஏங்க!"

அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் இரண்டு டைக்கும் இடையிலிருந்து ஒரு செருமல் வந்தது. "என்ன பிரியா? நீ எங்க இங்க?" கிரீஸ் துணியோடு ஒரு கை வெளியே நீண்டது, பிறகு தலை வந்தது.

வேல்ராஜின் உள்ளங்கைகள் பட்டனுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. அவற்றை அங்கிருந்து எடுக்கவே அவருக்குத் தெரியவில்லை. எடுத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏல, கூப்பிட்டேனே. நீ பதில் சொன்னியே" என்றார்.

"யாரும் கூப்பிடலியே அண்ணாச்சி" என்றான் காசிராஜன்.

சுகப்பிரியா ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கிரீஸ் அவள் முகமெல்லாம் ஆனது.

அன்று மாலையே அவள் பொதுப் பத்தியிலிருந்து அந்தப் பெயரை எடுத்தாள். எடுத்துக்காட்டு முழுவதையும் எடுத்தாள். பதிலை நம்பக் கூடாது, உள்ளே போன ஆளைக் கண்ணால் பார்த்த பிறகே பட்டனைத் தொட வேண்டும் என்று எழுதினாள். எழுதியதோடு விடவில்லை. ஒவ்வொரு தொழிற்சாலையாகப் போய்ப் பழைய கார்டைத் தன் கையால் கழற்றிப் புதியதை மாட்டினாள். ஜனங்களின் நாக்கிலிருந்தும் அது மெல்ல உதிர்ந்தது. இப்போதெல்லாம் ஸ்பீக்கர் பேசுவதில்லை என்று வல்லத்து மாரி பிரவீனாவிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் செல்லம்மாள் மாடியிலிருந்து, "காசிராஜா, மோட்டாரப் போடுப்பா" என்றாள். அவன் சட்டென்று நிமிர்ந்து, "வாரேம்மா" என்றான். சமையல்கட்டில் நின்ற சுகப்பிரியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். இரண்டு பேரும் லீவு போட்டு ஊருக்குப் போனார்கள். கரும்பு கடித்தார்கள். அம்மாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு ஆபீஸ் மெயிலைப் பார்த்தாள். பிரவீனா, 'அக்கா, உனக்கு ஒரு சர்ப்ரைஸ்' என்று எழுதியிருந்தாள்.

பிரஸ் கம்பெனியில் நடந்ததை, நூலிழையில் தப்பிய சம்பவம் என்று வேல்ராஜ் முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது பதில் தவறாக வந்தது. மனைவி 'ஏங்க' என்று கூப்பிட்டதும் உள்ளே இருந்தவர் சரியாகப் பதில் சொன்னார். நல்ல மனுஷன், நடந்ததை நடந்தபடியே எழுதியிருந்தார். ஓர் இடத்தில் கற்ற பாடத்தை எல்லா இடத்துக்கும் பரப்ப வேண்டும் என்பது அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் வேதவாக்கு. மணிகண்டபிரபுவுக்குத் தலைகால் புரியவில்லை. பெயரே வேண்டாம், எல்லாருக்கும் பொருந்தும், ஒடிசாக்காரருக்கும் சொல்ல எளிது, இதைவிட நல்ல பொதுச் சொல் கிடைக்குமா என்று பூரித்துப்போய்விட்டார். சுகப்பிரியா லீவில் இருந்ததால் பிரவீனாவே பொதுப் பத்தியில் சேர்த்துவிட்டாள். கண்ணால் பார்க்க வேண்டும் என்ற வரியை அவள் தொடவில்லை. அதற்கு மேலே ஒரு வரி புதிதாக இருந்தது.

உள்ளே போனவரை "ஏங்க!" என்று உரக்கக் கூப்பிடவும்.

கார்டுகள் போன வாரமே மாட்டியாகிவிட்டன என்று கீழே எழுதி, ஒரு சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தாள். வாரம் முழுக்க, எல்லா ஷிப்டிலும், மண்ணூரிலிருந்து வல்லம் வடகால் வரைக்கும் முரட்டுக் குரல்கள் அந்தச் சொல்லைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. அவள் பல விதமாக இழுக்கிற சொல். அதை அவள் எந்த இடத்திலும் எழுதியதே இல்லை.

காசிராஜன் கூடத்தில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த கடலையை உரித்துக்கொண்டிருந்தான். டிவி ஓடவில்லை. விசிறிகூட ஓடவில்லை. கூப்பிடாமலே இருந்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. கூப்பிடாவிட்டால் தெரியாமலே இருக்கும். எத்தனை நாளைக்கு?

"ஏங்க" என்றாள், மெதுவாக.

கடலை உடைகிற சத்தம் நிற்கவில்லை.

வாசலுக்கு வெளியே, தொழிற்சாலைகள் இருக்கிற திசையில், ஒரு செருமல் கேட்டது. "என்ன பிரியா?" என்றது அந்தக் குரல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் கேட்டுப் பழகிய அதே பரிவு, அதே இழுப்பு.

தோசைக்கல் காய்ந்து புகைந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். வெளிக்கதவைத் தாழ்போட்டாள். அவன் பின்னால் போய் மண்டியிட்டு, தோளைத் தொடாமல், காதோரம் குனிந்தாள். கல்யாணமான நாளிலிருந்து வராத வாயை வரவழைத்தாள்.

"காசிராஜன்."

அவன் திரும்பினான். முதலில் விழித்தான், பிறகு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "என்னது, பேரச் சொல்லிட்டே! அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லவா? ஆயுசு போச்சுன்னு அழுவாளே!"

அம்மா தலைவாரிவிட்டது சுகப்பிரியாவுக்கு நினைவுக்கு வந்தது. அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள்.